தையல் வகுப்புக்கு ஒரு துண்டுப்பிரசுரம்

அன்புள்ள ஐயா,

கொட்டாஞ்சேனையில் என் வீட்டு முன்னறையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறேன். கடந்த மாதம் மூன்றாக மடித்த வண்ணப் பிரசுரம் 1000 பிரதிகள் அச்சடித்து, புறக்கோட்டையிலும் காலி வீதியிலும் ஆள் வைத்து விநியோகித்தேன். இதுவரை இருவர்தான் தொலைபேசியில் அழைத்தார்கள். இருவரும் முதலில் கேட்டது கட்டணம் எவ்வளவு என்பதைத்தான். வடிவமைத்த தம்பியோ கட்டணத்தைப் போட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று சொல்லியிருந்தார். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் மறுபடியும் அச்சடிக்க விரும்புகிறேன். பிரசுரத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். எதை மாற்ற வேண்டும்?

ஒரு வாசகி,
கொழும்பு 13

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டணத்தை எழுதுங்கள். உங்களை அழைத்த இருவரும் கேட்டது அதைத்தான். அழைக்காமல் விட்டவர்களில் எத்தனை பேர் ‘நமக்குக் கட்டாது’ என்று தாங்களே முடிவு செய்துகொண்டார்களோ! வீட்டுச் செலவை எண்ணி எண்ணி நடத்தும் பெண், முன்பின் அறியாத ஒருவரை அழைத்து விலை கேட்கத் தயங்குவாள். கேட்டபின் வேண்டாம் என்று சொல்வது இன்னும் கூச்சம். அந்தச் சங்கடத்தை அவளுக்கு வைக்காமல் இருப்பதுதான் மதிப்பு. மாதக் கட்டணம், வாரத்தில் எத்தனை வகுப்பு, துணியும் நூலும் யார் கொண்டுவருவது, வீட்டில் இயந்திரம் இல்லாதவர் எங்கே பழகுவது, இவையெல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் முகப்பின் பாதியை வகுப்பின் பெயரும் இலச்சினையும் எடுத்துக்கொள்கின்றன. உள்ளே நோக்கு, இலக்கு, தொடங்கிய வரலாறு. நீங்கள் உண்மையில் கற்றுத்தரும் சாரிச் சட்டை, பாடசாலைச் சீருடை, துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் இயந்திரப் பயிற்சி ஆகியவை கடைசி மடிப்பின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கின்றன. எனக்கு அது வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பொடி எழுத்து வரிகள்தான் நன்றாக எழுதப்பட்டவை. ‘மூன்று மாதத்தில் உங்கள் சாரிச் சட்டையை நீங்களே வெட்டித் தைக்கலாம்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியம் முகப்புக்கு வர வேண்டும். ஐந்து மாதம் பிடிக்கும் என்றால் ஐந்து என்றே எழுதுங்கள்.

இனி மடிப்பு. பலரும் ஆறு பக்கங்களையும் ஆறு தனித்தனிப் பெட்டிகளாக எண்ணி நிரப்பிவிடுகிறார்கள். கையில் வாங்குபவர் அப்படிப் படிப்பதில்லை. முகப்பைத் திறந்ததும் வலப்புறத்தில் முதலில் தெரிவது உள்ளே மடங்கியிருக்கும் பக்கத்தின் பின்புறம். அங்கே உங்கள் பிரசுரத்தில் நன்றியுரை இருக்கிறது! முகப்பு எழுப்பிய ஆவலுக்கு அடுத்த பதில் அந்த இடத்தில்தான் கிடைக்க வேண்டும். யாருக்கு இந்த வகுப்பு, முன்னனுபவம் வேண்டுமா, எந்த நேரம் என்பவற்றை அங்கே வையுங்கள். அதையும் விரித்தால் மூன்று பக்கங்களும் சேர்ந்து அகன்ற ஒரே பரப்பாகின்றன. பாட விவரமும் கட்டணமும், மாணவிகள் தைத்த உடைகளின் படங்களும் அதற்குரியவை. மாணவிகளின் முகம் தெரிகிற படமென்றால் அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் முகவரி, தொலைபேசி இலக்கம், வழி. கொட்டாஞ்சேனைக்குப் புதிதாக வருபவருக்கு வீட்டு இலக்கத்தைவிட, புனித லூசியாள் பேராலயத்திலிருந்தோ ஜம்பட்டா வீதியிலிருந்தோ எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரி அதிகம் உதவும்.

வடிவமைப்பாளரிடம் போகுமுன் ஒரு வெள்ளை ஏ4 தாளை மூன்றாக மடித்துப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். தையல் தெரியாத, உங்கள் வகுப்பைப் பற்றிக் கேள்விப்படாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்தி உங்களிடம் கேள்வி கேட்கிறாரோ அங்கேதான் பிரசுரத்தில் குறை.

ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீற்றர். மூன்று பக்கத்தையும் சமமாக 99 என்று பிரித்தால், உள்ளே போகும் பக்கம் இடித்துச் சுருளும். அதற்கு 97, மற்ற இரண்டுக்கும் தலா 100 என்று பிரிக்கச் சொல்லுங்கள். ஓரம்வரை நிறம் போகும் இடங்களில் வெட்டுக்காக 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட வேண்டும். எழுத்துகள் வெட்டு விளிம்புக்கு 5 மில்லிமீற்றர் உள்ளே நிற்கட்டும்.

தமிழ் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். உங்கள் பிரசுரத்தின் இரண்டு இடங்களில் ‘தையல்’ என்ற சொல்லே உடைந்திருக்கிறது. ‘த’வுக்கு முன் நிற்க வேண்டிய ஐகாரக் குறி பின்னால் போய் நிற்கிறது. யூனிகோட் தமிழை இந்திய எழுத்துகளுக்கான அமைப்பு இயக்கப்படாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லாமே ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளை வெறும் கோட்டுருவங்களாக மாற்றச் சொல்லுங்கள். பிறகு காகிதத்தில் ஒரு மாதிரிப் பிரதி எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் நீங்களே வாசியுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் வடிவமைத்தால் இந்தப் பிழை அவர் கண்ணில் படவே படாது. நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் இருப்பதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும். கருநீலப் பின்னணியில் வெள்ளையாகச் சிறிய எழுத்தை அச்சிட்டால் சுழிகளை மை அடைத்துவிடும். உங்கள் பிரசுரத்தில் தொலைபேசி இலக்கமே அப்படித்தான் மங்கிப்போயிருக்கிறது.

வட்ஸ்அப் வழியாக வரும் படம் சுருங்கிவிடும். பத்து சென்ரிமீற்றர் அகலத்தில் தெளிவாக அச்சாக ஏறக்குறைய 1200 பிக்சல் வேண்டும். படத்தை ஆவணமாக அனுப்பினால் அளவு குறையாது.

இந்தமுறை 1000 வேண்டாம். ஓப்செட் அச்சில் தகடு செய்யும் செலவு முதலிலேயே வந்துவிடுவதால், பெருந்தொகையாக அடித்தால்தான் ஒரு பிரதியின் விலை இறங்கும். தகடு தேவையில்லாத டிஜிட்டல் அச்சில் 200 அடித்துச் சோதிக்கலாம். பளபளப்பில்லாத, சதுர மீற்றருக்கு 130 கிராம் எடையுள்ள தாள் போதும். அதில் பேனாவால் எழுத முடியும் என்பதால், வகுப்புத் தொடங்கும் திகதிக்கு ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, கையால் நிரப்பிக் கொடுங்கள். காகிதம் இறக்குமதியாகும் நாடு இது. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை தள்ளிப்போனதை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். திகதி மாறியதற்காகக் கட்டுக்கட்டாகப் பிரசுரங்களை வீசுவது எனக்கு ஒப்பவில்லை.

புறக்கோட்டையில் விரைந்து நடப்பவரின் கையில் திணித்த தாள் அடுத்த சந்தியில் கீழே கிடக்கும். உங்கள் பகுதியில் பகல் 1.30க்குப் பாடசாலை விடும்வரை வாசலில் காத்திருக்கும் தாய்மாருக்கு வாசிக்க நேரமிருக்கிறது. நூலும் பொத்தானும் விற்கும் கடைக்காரரிடம் கேட்டுப் பத்துப் பிரதிகளை அவர் மேசையில் வையுங்கள். பாடசாலை வாசலில் கொடுப்பவற்றின் மூலையில் ‘அ’ என்றும், கடைகளில் வைப்பவற்றில் ‘ஆ’ என்றும் சிறிதாகக் குறித்துவிடுங்கள். அழைப்பவரிடம் மூலையில் என்ன எழுத்து என்று கேட்டால், அடுத்த பிரசுரக் கட்டை எங்கே கொண்டுபோவது என்று தெரிந்துவிடும். பென்சில் மாதிரி தயாரானதும் இரண்டு பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள், அச்சுக்குப் போகுமுன் வாசித்துத் தருகிறேன்.