மாத்திரை அலமாரியும் மாவு அலமாரியும்

கேள்வி: எங்கள் பகுதியில் ஒருவர் சொந்தமாக நடத்தும் ஆரோக்கிய உணவுக் கடை இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டைவிட எல்லாமே விலை அதிகம். ஆனால் கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் என் அம்மாவின் மனச்சோர்வுக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரைகூட எடுத்துக் கொடுத்தார். அங்கே கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது சரிதானா? (வாசகி ஒருவர்)

பதில்: விலையை அப்புறம் பார்ப்போம். முதலில் அம்மாவின் டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

விஷயம் தெரிந்தவர் என்று நீங்கள் சான்றிதழ் கொடுக்கும் அந்த மனிதர், அம்மா வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டாரா? அவர் கேட்கவில்லை என்றால் விஷயம் தெரியாது. கேட்டுவிட்டும் கொடுத்தார் என்றால் அது இன்னும் மோசம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் என்சைம்களை முடுக்கிவிடும். வார்ஃபரின் சீக்கிரமே சிதைந்து, ரத்தம் உறையாமல் காக்கும் அதன் பலன் குறையும். கருத்தடை மாத்திரை, உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் போன்றவற்றுக்கும் இதே கதிதான். அம்மா ஏற்கனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால் நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம். நிறுத்தினால் வார்ஃபரினின் வீரியம் திடீரென்று ஏறி ரத்தக்கசிவு வரலாம். ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். மனச்சோர்வையும் அவரிடமே சொல்லுங்கள். அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய்தான்.

சரி, கடைக்கு வருவோம். தாராளமாகப் போங்கள், மாத்திரை அலமாரிக்கு முதுகைக் காட்டிவிட்டு.

சின்னக் கடையில் கூடுதல் பணம் கொடுக்க எனக்குத் தெரிந்து ஒரே நியாயம்தான்: சரக்கு எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய ஆள் எதிரே நிற்கிறார். இந்த வகைச் சரக்குக்கு அது முக்கியம். முழுக் கோதுமை மாவில் முளைக்கருவின் எண்ணெயும் சேர்ந்தே இருப்பதால், மைதாவைவிடச் சீக்கிரம் காறிப்போகும். ஆளி விதை எண்ணெய் இன்னும் மோசம். வெளிச்சம், சூடு, காற்று மூன்றுமே அதற்கு ஆகாது. அதைக் கண்ணாடி போல் தெரியும் பாட்டிலில் ஊற்றி, வெயில் விழும் ஜன்னலோரம் அழகாக அடுக்கி வைத்திருந்தால் அந்தக் கடைக்காரருக்குத் தன் தொழில் தெரியவில்லை என்று அர்த்தம். விற்பனை மந்தமான கடையில் கொட்டைகளும் விதைகளும் மாதக்கணக்கில் கிடக்கும். கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், கூச்சமே வேண்டாம்.

பணம் வீணாவது வேறு இடத்தில். பழுப்புச் சர்க்கரை என்று விற்பது, வெள்ளைச் சர்க்கரையில் கொஞ்சம் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு) ஒட்டியிருப்பது, அவ்வளவுதான். தேன் மட்டும் என்ன விதிவிலக்கா? உலக சுகாதார நிறுவனம் 2015-இல், ஒரு நாள் கலோரியில் இத்தகைய சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றபோது தேனையும் அதே கணக்கில்தான் வைத்தது. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். போதாததற்கு அதில் வழக்கமாக அயோடின் சேர்ப்பதும் இல்லை.

குளூட்டன் (கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் புரதம்) இல்லாதது என்ற சீட்டைப் பார்த்ததும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது உயிர்நாடி. ஆனால் அவர்களும் திறந்த டப்பாவிலிருந்து அள்ளித் தரும் சரக்கை வாங்கக் கூடாது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். கோதுமை அள்ளிய கரண்டிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

அடுத்த முறை போகும்போது, இந்த மாவு எப்போது அரைத்தது என்று கேளுங்கள். தேதி சொன்னால் கொஞ்சமாக வாங்குங்கள். "நம்ம கடைச் சரக்கு கெட்டே போகாதும்மா" என்றால் பையை மடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.