நாலரை ஏக்கர் தோப்புக்கு எத்தனை எச்.பி. டிராக்டர்?

கேள்வி: ஐயா, ஆனைமலைக்கு அருகில் என் பெயரில் நாலரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. 25 அடி இடைவெளியில் 310 மரங்கள். சமதளமான நிலம். என் கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றார். 14 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. சிறிய டிராக்டர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். 18.5 எச்.பி. டூ வீல் டிரைவ் 3.60 லட்சம், அதற்கு மண்ணைக் கிளறும் மூன்று அடி ரோட்டவேட்டர் 75,000. இன்னொன்று 27 எச்.பி. ஃபோர் வீல் டிரைவ் 6.10 லட்சம், நான்கு அடி ரோட்டவேட்டர் 95,000. வருடத்தில் மூன்று முறை உழவு, காய்களைக் களத்துக்கு ஏற்றுவது, மருந்து அடிப்பது ஆகியவைதான் வேலை. இப்போது ஆளோடு சேர்த்து மணிக்கு 1,000 ரூபாய் வாடகைக்கு எடுக்கிறோம். ஆனால் மழை பெய்த மறுநாள் கூப்பிட்டால் வண்டி கிடைப்பதில்லை. கடைக்காரர், “பெரிதையே எடுங்கள், மட்டையைத் தூளாக்கவும் உதவும், முன்பணம் இரண்டரை லட்சம் போதும், மீதிக்கு 8 சதவீத வட்டியில் கடன்” என்கிறார். ஒன்றரை ஏக்கரில் ஜாதிக்காய் ஊடுபயிராக வைக்கும் எண்ணமும் உண்டு. எதை வாங்குவது?

பதில்: 27 எச்.பி. வேண்டாம். வாங்குவதாக இருந்தால் சிறியதை, கடன் இல்லாமல் வாங்குங்கள். “வாங்குவதாக இருந்தால்” என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அது உங்கள் தோப்பு வருடத்துக்கு எத்தனை மணி நேர வேலை கொடுக்கிறது என்பதில் இருக்கிறது.

டிராக்டர் பேச்சு எடுத்தவுடன் எல்லோரும் ஏக்கரைத்தான் கேட்கிறார்கள். நான் மணியைக் கேட்கிறேன். மூன்று அடி ரோட்டவேட்டர் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, திரும்பும் நேரத்தையும் கழித்தால், ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 2.4 மணி நேரம் ஆகும். நாலரை ஏக்கருக்கு 11 மணி, மூன்று உழவுக்கு 33 மணி. நான்கு அடி ரோட்டவேட்டருக்கு ஏக்கருக்கு 1.8 மணி, ஒரு உழவுக்கு 8 மணி, மூன்றுக்கு 24 மணி. மரத்தைச் சுற்றி ஆறு அடி ஆரத்துக்கு உரமிடும் வட்டப்பாத்தியில் ரோட்டவேட்டரை விடக் கூடாது, வேர் அறுபடும். அதையும் கழித்தால் இரண்டு கணக்குமே இன்னும் குறையும். ஆக, பெரிய வண்டி உங்களுக்கு மிச்சப்படுத்தித் தருவது வருடத்துக்கு ஒன்பது மணி நேரம். அதற்கு நீங்கள் கூடுதலாகப் போடும் முதல், ரோட்டவேட்டரையும் சேர்த்து, 2.70 லட்சம் ரூபாய்.

காய் ஏற்றவும் மருந்து அடிக்கவும் இன்ன பிற வேலைகளுக்கும் 67 மணி நேரம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சிறிய வண்டி வருடத்துக்கு 100 மணி ஓடும், பெரியது 91 மணி ஓடும். இனி ரூபாய்க்கு வருவோம்.

சிறிய வண்டியைப் பத்து வருடம் ஓட்டிவிட்டு 1.30 லட்சத்துக்கு விற்பதாக வைத்தால், தேய்மானம் வருடத்துக்கு 23,000. அதில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி 20,000. இதற்கு நான் எடுத்துக்கொள்வது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் இன்றைய 8.2 சதவீதத்தை. சர்வீஸ், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் சராசரியாக 15,000. ரோட்டவேட்டருக்குத் தேய்மானமும் வட்டியுமாக 10,500. மொத்தம் 68,500 ரூபாய் வண்டி ஓடினாலும் நின்றாலும் ஆகிற செலவு. ஓடும்போது மணிக்கு 2.2 லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபாய் என்றால் 205 ரூபாய். ஆக மணிக்குச் சுமார் 890 ரூபாய்.

பெரியது பத்து வருடம் கழித்து 2.60 லட்சத்துக்குப் போகும் என்று வைத்தேன். தேய்மானம் 35,000, வட்டி 35,700, பராமரிப்பு 20,000, ரோட்டவேட்டருக்கு 13,400. மொத்தம் 1.04 லட்சம். டீசல் மணிக்கு மூன்று லிட்டர். ஒரு மணிக்கு 1,420 ரூபாய் வருகிறது. வாடகைக்காரருக்கு நீங்கள் கொடுப்பது 1,000 ரூபாய், அதுவும் ஓட்டுநர் கூலி உட்பட.

இதையே திருப்பிப் போட்டால், வாடகைக்குச் சமமாக வர சிறிய வண்டி வருடத்துக்கு 86 மணி ஓட வேண்டும், பெரியது 144 மணி ஓட வேண்டும். உங்கள் தோப்பில் 144 மணி வேலை கிடையாது. 86 மணி இருக்கிறது, ஆனால் விளிம்பில் இருக்கிறது. அதுவும் உங்கள் கணவர் சம்பளம் வாங்காமல் ஓட்டுகிறார் என்பதால்தான். ஆள் வைத்து ஓட்டினால் சிறிய வண்டியும் வாடகையைவிடக் கூடுதலாகிவிடும். சிறிய வண்டியால் வருடத்துக்கு மிச்சமாவது சுமார் 11,000 ரூபாய்தான். ஆகவே பணம் மிச்சமாகும் என்பதற்காக இதை வாங்காதீர்கள். மழை பெய்த மறுநாள் மண் பதமாக இருக்கும்போது பசுந்தாள் உரத்துக்குச் சணப்பையோ தக்கைப்பூண்டையோ விதைத்துவிட முடிகிறதே, அதற்காக வாங்குங்கள். பதம் தப்பினால் விதை வீண், ஒரு பருவமே வீண். அந்த நியாயம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன்.

ஜாதிக்காய் வைத்தால் கணக்கு மேலும் சிறியதன் பக்கம் சாய்கிறது. நான்கு தென்னைகளுக்கு நடுவில் ஒரு ஜாதிக்கன்று வைத்து அது குடை விரித்த பிறகு, அந்த ஒன்றரை ஏக்கருக்குள் ரோட்டவேட்டருக்கு இடமில்லை. ஜாதியின் வேர் மேலாகவே படர்வது, அங்கே இலைதழையால் மண்ணை மூடி மூடாக்குப் போட்டுவிடுவதே நல்லது. உழவு 33 மணியிலிருந்து 22 மணியாகக் குறையும். மொத்தம் 89 மணி. சிறிய வண்டி அப்போதும் தாங்கும், பெரியது கொட்டகையில் நிற்கும்.

மட்டை தூளாக்குவது பற்றிக் கடைக்காரர் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. டிராக்டரோடு இணைத்துத் தென்னை மட்டையைத் தூளாக்கும் கருவிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் 35 எச்.பி.க்கு மேல் கேட்பவை. 27 எச்.பி. எஞ்சினின் முழுத் திறனும் பின்னால் இருந்து கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேராது, ஏறத்தாழ 85 சதவீதம்தான் வரும். அதாவது 23 எச்.பி. பச்சை மட்டையைக் கொடுத்தால் திணறும். இந்த வண்டியில் எந்தக் கருவி ஓடும் என்பதை எழுத்தில் கேளுங்கள், தயங்குவார். வருடத்தில் இரண்டு மூன்று நாள் வேலைக்குப் பெரிய வண்டியோடு கருவியை வாடகைக்கு எடுப்பதே முறை. வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களைக் குறைந்த வாடகைக்குத் தருகிறது, உழவன் செயலி வழியாகவே பதிவு செய்யலாம். உங்கள் பகுதியில் மட்டை தூளாக்கும் கருவி இருக்கிறதா என்று ஒரு நாள் நேரில் போய்க் கேட்டு வாருங்கள்.

அடுத்தது அந்த 8 சதவீதக் கடன். பெரிய வண்டிக்கு முன்பணம் போக மீதி 3.60 லட்சத்துக்கு ஐந்து வருடம், அதுவும் பிளாட் வட்டி என்றால், 1.44 லட்சம் வட்டி, மாதத் தவணை 8,400 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முதல் நாள் அசலுக்கே போடப்படுகிறது. குறையும் அசல் முறையில் பார்த்தால் இது 14 சதவீதம். “பிளாட்டா, குறையும் அசலா” என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

தேங்காய் விலை நன்றாக இருக்கிறது, தவணையைக் கட்டிவிடலாம் என்று தோன்றும். 2025-இல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது உண்மை. ஆனால் 2023-இல் அரவை கொப்பரைக்கு அரசு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய், வெளிச்சந்தையில் அதுகூடக் கிடைக்காமல் உங்கள் பக்கத்து விவசாயிகள் தவித்ததை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை ஈயும் கேரள வேர் வாடல் நோயும் பொள்ளாச்சி வட்டாரத்தில் எத்தனை தோப்புகளைத் தின்றிருக்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும். ஐந்து வருடத் தவணை இதற்கெல்லாம் காத்திருக்காது. என் தந்தையார் கோபிசெட்டிபாளையம் பக்கம் மூன்று ஏக்கருக்கு 35 எச்.பி. வண்டியைக் கடனில் எடுத்தார். மஞ்சள் விலை விழுந்த வருடம் அம்மாவின் வளையல்கள் தவணைக்குப் போயின, அதற்கடுத்த வருடம் வண்டியும் போயிற்று. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அந்த வளையல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

கடன் இல்லாமல் ரொக்கத்தில் பெரியதை எடுத்தாலும் 7.05 லட்சம், ஓய்வுக்காலப் பணத்தில் சரிபாதி. சிறியதற்கு 4.35 லட்சம் போனால் 9.65 லட்சம் மிஞ்சும். அதில் எட்டு லட்சத்தை உங்கள் கணவர் பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். காலாண்டுக்கு 16,400 ரூபாய் ஐந்து வருடத்துக்கு மாறாமல் வரும். மீதி 1.65 லட்சத்தை ஆஸ்பத்திரி, மோட்டார் பழுது என்று திடீர்ச் செலவுக்கு வங்கியில் வையுங்கள்.

பெரிய வண்டியை ஒரே ஒரு நிலையில் ஒப்புக்கொள்வேன். அண்டைத் தோட்டங்களுக்கு வருடத்தில் இன்னும் 60, 70 மணி வாடகைக்கு ஓட்டப் போகிறோம் என்று உங்கள் கணவர் உறுதியாகச் சொன்னால் கணக்கு மாறும். ஆனால் அப்போது அவர் ஓய்வு பெற்றவராக இருக்க மாட்டார். விவசாயப் பயன்பாட்டுக்கு என்று எடுத்த இன்சூரன்ஸும் வாடகை ஓட்டத்துக்குச் செல்லுபடியாகாமல் போகலாம், அதற்கெனத் தனியாக எடுக்க வேண்டியிருக்கும். ஈரத்தில் சக்கரம் சுற்றுகிறது என்பதுதான் கவலை என்றால், 20 எச்.பி. அளவிலேயே ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் வருகின்றன. அதற்கும் ஒரு விலைப்புள்ளி வாங்கிப் பாருங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மானியத்தை விசாரியுங்கள். நிலம் உங்கள் பெயரில், ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் நீங்கள் சிறு விவசாயி, பெண் விவசாயியும்கூட. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் இந்தப் பிரிவினருக்கு 50 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் உண்டு. உங்கள் வண்டி இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா, நிதி மிச்சம் இருக்கிறதா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். முதலில் விண்ணப்பம், அனுமதி வந்த பிறகே வாங்குவது. வாங்கிவிட்டுப் போனால் மானியம் கிடைக்காது. தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்றுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். விலைப்புள்ளியில் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12 சதவீதம் 5 ஆகக் குறைந்துவிட்டது.

வண்டியை உங்கள் தோப்புக்கே வரவழைத்து, அரை நாள் ரோட்டவேட்டர் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். உங்கள் கணவர் ஓட்டட்டும், 18.5 எச்.பி. இழுக்கிறதா இல்லையா என்பது அவருக்குக் கையிலேயே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மட்கார்டில் யாரையும், பேரக் குழந்தைகளையும்கூட, உட்கார வைத்து ஓட்டக் கூடாது. டிராக்டருக்கு ஒரு இருக்கைதான். அதில் ஏறியவருக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும்.