"ஸ்டார் ட்ரெக் பத்தி மட்டும்தான் பேசுறோம், அப்போ நாங்க ஃப்ரெண்ட்ஸ்தானா?"

கேள்வி:

மேடம் வணக்கம், என் பேர் போட வேணாம். பெங்களூர்ல சாஃப்ட்வேர் வேலை, கல்யாணம் ஆயிடுச்சு. ஒரு விஷயம் மனசை அரிச்சிட்டே இருக்கு, வைஃப்கிட்ட சொன்னா ஒரு சீரியலை வச்சு இவ்ளோ பேசுவீங்களான்னு கேக்குறா.

நானும் என் ஃப்ரெண்ட் ஒருத்தனும் இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல ஒரே ரூம். சீனியர் ஒருத்தர் குடுத்த ஹார்ட் டிஸ்க்ல ஸ்டார் ட்ரெக்ங்கிற அமெரிக்க விண்வெளி சீரியல் இருந்துச்சு, அதுல நெக்ஸ்ட் ஜெனரேஷன் சீரிஸ் 178 எபிசோடையும் ராத்திரி ராத்திரியா பாத்து முடிச்சோம், அப்புறம் அதே வரிசையில டீப் ஸ்பேஸ் நைன், வாயேஜர்னு போயிட்டே இருந்துச்சு. படிப்பு முடிஞ்சு அவன் கரூர்ல குடும்பத் தொழிலுக்கு போயிட்டான், நான் இங்க வந்துட்டேன், ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி கால் மட்டும் நிக்கவே இல்ல. ஒரு எபிசோடை ஆளுக்கு ஒரு பக்கம் பாத்துட்டு ஃபோன்ல சண்டை போடுவோம். டீப் ஸ்பேஸ் நைன்ல 'இன் த பேல் மூன்லைட்' எபிசோட்ல கேப்டன் சிஸ்கோ ரோமுலன்ங்கிற வேற்றுக்கிரக இனத்தை போருக்குள்ள இழுக்குறதுக்காக பொய் ஆதாரம் ரெடி பண்ணுவாரே, அவர் செஞ்சது சரியா தப்பாங்கிறதுல இன்னிக்கு வரைக்கும் எங்களுக்கு ஒத்துப் போகல. அவன் சிஸ்கோ கட்சி, நான் நெக்ஸ்ட் ஜெனரேஷன் கேப்டன் பிக்கார்ட் கட்சி.

போன மாசம் ஒரு கல்யாணத்துல பழைய கிளாஸ்மேட்டை பாத்தேன். "உன் ரூம்மேட்டோட அம்மா தவறினப்போ எல்லாரும் போனோம், நீ மட்டும் வரலையேடா"ன்னான். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு மேடம். அம்மா போய் காரியமெல்லாம் முடிஞ்சு மாசக்கணக்கா ஆயிருக்கு. ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் "வீட்ல வேலை இருக்கு, அடுத்த வாரம் பாப்போம்"னு மெசேஜ் போட்டான், அடுத்த வாரமே வந்து வார்ஃப்ங்கிற ஸ்டார் ட்ரெக் கேரக்டர் பத்தி பேசுனான். அந்த அம்மா எனக்கும் சோறு போட்டவங்க. லீவுக்கு போனா பருப்பு சோத்துல நெய்ய ஊத்தி "இன்னும் ஒரு வாய் சாப்புடு கண்ணு"ன்னு பக்கத்துலயே நிப்பாங்க.

இப்போ யோசிச்சா ஒண்ணு தோணுது. அதுக்கப்புறம் அவன் திரும்பத் திரும்ப 'த விசிட்டர்' பாக்கலாம்னு கேட்டுட்டே இருந்தான். நான் அது கதையில லாஜிக் இடிக்குதுன்னு சொன்னா பதிலுக்கு சண்டை போடாம "ஜேக் எழுதுறதையே விட்டுட்டான்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு சும்மா இருப்பான். இன்னொரு நாள் 'ஃபேமிலி' எபிசோடை எடுத்தான்.

எங்கிட்ட ஏன் சொல்லல? இத்தனை வருஷமா நாங்க பேசுனது பேச்சே இல்லையா? இப்போ நானா கேட்டா தப்பாயிடுமா?

பதில்:

தம்பி, உங்க லெட்டரை படிச்சதும் அந்த ரெண்டு எபிசோட் பேரைத்தான் முதல்ல பிடிச்சுக்கிட்டேன். நானும் டீப் ஸ்பேஸ் நைன் விடாம பாத்தவதான், அதனால கொஞ்சம் நீளமாவே பேசுறேன், பொறுத்துக்கோங்க.

'த விசிட்டர்' 1995ல வந்தது. டிஃபையன்ட்ங்கிற விண்கப்பல் என்ஜின் ரூம்ல நடக்குற விபத்துல சிஸ்கோ மறைஞ்சு போறாரு, எல்லாரும் அவர் இறந்துட்டார்னு முடிவு பண்றாங்க, ஆனா எப்பவாவது சில நிமிஷம் பையன் ஜேக் கண்ணு முன்னாடி வந்து நின்னுட்டு திரும்ப காணாம போயிடுவாரு. ஜேக் அப்பாவை மீட்கணும்னு எழுத்தை விட்டுடுறான், கல்யாண வாழ்க்கை போயிடுது, கிழவனாவே ஆயிடுறான். அப்பா வர்றப்பெல்லாம் "நீ உன் வாழ்க்கைய பாருடா"ன்னுதான் சொல்லுவாரு, பையனால முடியாது. வயசான ஜேக்கா நடிச்ச டோனி டாட், தன்னை வளர்த்த ஆன்ட்டியை பறிகொடுத்த துக்கத்தோடதான் அந்த ரோலை பண்ணார்னு அவரே சொல்லிருக்காரு. 'ஃபேமிலி' 1990ல வந்தது, போர்க்ங்கிற பாதி எந்திர வேற்றுக்கிரகக் கூட்டத்துகிட்ட மாட்டி மீண்ட பிக்கார்ட் பிரான்ஸ்ல இருக்குற சொந்த ஊருக்கு போவாரே, அது. எல்லார்கிட்டயும் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு திரியற மனுஷன், அண்ணன்கூட திராட்சைத் தோட்டத்து சேத்துல கட்டிப்புரண்டு சண்டை போட்டு, சிரிச்சு, அந்த சிரிப்பு அப்படியே அழுகையா மாறி உடைஞ்சு போவாரு. இந்த ரெண்டையும் உங்க ஃப்ரெண்ட் தற்செயலா எடுத்தார்னு என்னால நம்ப முடியல. அவர் உங்ககிட்ட சொல்லிட்டேதான் இருந்திருக்காரு, அவரால முடிஞ்ச வழியில.

அப்புறம் ஏன் நேரா சொல்லல? 1999ல மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் துக்கத்தை பத்தி ஒரு விளக்கம் குடுத்தாங்க, இன்னிக்கும் நாங்க கவுன்சிலிங்ல அதை பயன்படுத்துறோம். இழப்பை சந்திச்சவங்க எந்நேரமும் அதுலயே முங்கி இருக்க மாட்டாங்க, கொஞ்ச நேரம் அழுவாங்க, கொஞ்ச நேரம் கடை கணக்கு பாப்பாங்க, சிரிப்பாங்க, திரும்ப அழுவாங்க, மனசு இப்படி மாறி மாறி போய் வர்றதுலதான் தாங்குற தெம்பு வருதுன்னு. அவர் வீட்டை நினைச்சுப் பாருங்க. வர்றவங்க எல்லாம் அம்மா பேச்சு, சொந்தக்காரங்க ஃபோன் எல்லாம் அதே பேச்சு, நடுவுல தொழிலையும் பாக்கணும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம்தான் அவர் அம்மா இல்லாத பையனா இல்லாம பழைய சிஸ்கோ கட்சிக்காரனா இருந்திருக்காரு. உங்ககிட்ட சொல்லிட்டா அந்த ஒரு மணி நேரமும் துக்க வீடாயிடும்னு பயந்திருக்கலாம். உங்களை ஒதுக்கிட்டார்னு எனக்கு தோணல. நம்ம ஊர் ஆம்பளப் பசங்க பல பேருக்கு எதிர்ல உக்காந்து மனசு விட்டுப் பேச வராது, கிரிக்கெட்டோ பைக்கோ படமோ ஒண்ணு நடுவுல இருந்தா வரும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஸ்டார் ட்ரெக் இருக்கு, அவ்ளோதான். அது பேச்சே இல்லைன்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க.

ஆனா இனிமே தெரியாத மாதிரி இருக்காதீங்க, இதுல நான் உறுதியா இருக்கேன். ஃபோன்ல வேணாம், மெசேஜ்ல சுத்தமா வேணாம், நேரா கரூர் போங்க. 'டார்மாக்' எபிசோட்ல டமாரியன்ங்கிற வேற்றுக்கிரக இனத்து கேப்டன் தன் மொழி பிக்கார்டுக்கு புரியலன்னதும் ரெண்டு பேரையும் ஒரே கிரகத்துல இறக்கிவிட வச்சாரே, பக்கத்துல நின்னு ஒரே ஆபத்தை சந்திச்சப்புறம்தானே பிக்கார்டுக்கு புரிய ஆரம்பிச்சுது. துக்கம் கேக்க நாள் கடந்தா தப்பில்ல, உங்க பக்கத்து வழக்கப்படி கிழமை மட்டும் பாத்துக்கோங்க, முடிஞ்சா வைஃபையும் கூட்டிட்டு போங்க. அம்மா ஃபோட்டோ முன்னாடி நின்னுட்டு, அந்த நெய் சோத்தையும் "கண்ணு"ன்னு கூப்பிட்டதையும் அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க. ஏன் எங்கிட்ட சொல்லலன்னு முதல் நாளே கேக்காதீங்க, அது அவருக்கு குத்தம் சாட்டுற மாதிரி கேக்கும். அவர் பேசுனா கேளுங்க. பேசாம வார்ஃபுக்கே போனாருன்னா நீங்களும் கூடவே போங்க, விஷயம் உங்களுக்கு தெரியும்ங்கிறது அவருக்கு தெரிஞ்சா இப்போதைக்கு போதும். முதல் திவசம் வர்ற வாரம் மட்டும் மறக்காம பக்கத்துல இருங்க.

ஒண்ணை மட்டும் கவனிங்க. தூக்கம், சாப்பாடு, கடைக்கு போறது இதெல்லாம் அவருக்கு எப்படி இருக்குன்னு பாருங்க. ராத்திரி தூங்காம இருக்காரு, எதுலயும் பிடிப்பில்ல, நானும் போயிடலாம்ங்கிற மாதிரி ஒரு பேச்சு வந்துச்சுன்னா தள்ளிப் போடாம மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. டெலிமானஸ் 14416 அரசாங்க இலவச மனநல உதவி நம்பர், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். அந்த நம்பரை சும்மா ஃபார்வர்ட் பண்ணி விட்டுடாம, பக்கத்துல உக்காந்து நீங்களே போட்டுக் குடுங்க.