லினக்ஸ் கர்னலின் கோப்பு முறைமைகளில் கேமேப் (kmap) அழைப்பின் பெயரை மாற்றினால் மட்டும் போதுமா?

நினைவகப் பக்கத்துக்குத் தற்காலிக முகவரி தரும் பழைய அழைப்பான கேமேப் இருந்த இடங்களிலெல்லாம், அதற்கு மாற்றாக வந்த கேமேப் லோக்கல் பேஜ் (kmap_local_page) என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடி, எக்ஸ்ட்2 போன்ற ஒரு பழைய கோப்பு முறைமையின் அடைவுக் குறிமுறையைப் பழக்கத்துக்காக மாற்றிப் பார்த்து, அப்படி நம்பி ஏமாந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

32 பிட் எக்ஸ்86 கணினியில் கர்னலால் வழக்கமாக ஏறத்தாழ 896 மெகாபைட் நினைவகத்தையே நேரடியாகத் தொட முடியும். அதற்கு மேலுள்ள பக்கத்தை, அதாவது நினைவகத்தின் ஒரு சிறு துண்டை, படிக்க ஒரு தற்காலிக முகவரி வேண்டும். கேமேப் அந்த முகவரியை எல்லோருக்கும் பொதுவான 1024 இடங்களிலிருந்து (32 பிட்டிலும் கூடுதல் நினைவகத்தைக் கையாள உதவும் பிஏஈ வசதி இருந்தால் 512) எடுத்துத் தருகிறது. இடங்கள் தீர்ந்துவிட்டால் கேட்டவர் தூங்கிக் காத்திருக்க வேண்டும். பல இழைகள் (ஒருங்கே ஓடும் வேலைகள்) ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்காகக் காத்திருந்தால் எதுவுமே நகராது. கேமேப் அட்டாமிக் (kmap_atomic) என்ற இன்னொரு பழைய அழைப்பு விரைவானதுதான், ஆனால் முன்னுரிமைப் பறிப்பையும் (ஓடும் இழையை இடையில் நிறுத்தி வேறொன்றை ஓடவிடுவது) பக்கப் பிழையையும் (நினைவகத்தில் இல்லாத பக்கத்தைத் தொட்டால் கர்னல் குறுக்கிட்டுக் கொண்டுவருவது) நிறுத்திவைத்துவிடும். 2021இல் வெளிவந்த 5.11 பதிப்பில் கர்னல் உருவாக்குநர் தாமஸ் கிளைக்ஸ்னர் சேர்த்த புதிய அழைப்பான கேமேப் லோக்கல் பேஜ், முகவரியை அந்தந்த இழைக்கே உரியதாக்கி, இழை மாறித் திரும்பும்போது அதை மீட்டும் வைக்கிறது.

இதற்கு விலை உண்டு. அந்த முகவரியை வேறோர் இழையிடம் கொடுக்கக் கூடாது. கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். நெற்சூட்டிலிருந்து கதிர்க்கட்டு இறக்குவதுபோல, மேலே இருப்பதுதான் முதலில் வரும். பழைய கேமேப்புக்கு இந்த ஒழுங்கு தேவைப்படவில்லை. ஆகவே அடைவின் பெயரை மாற்றும் பகுதியில், இரண்டு பக்கங்களை ஒருங்கே திறந்துவைத்திருக்கும் குறிமுறை, தன் விருப்பப்படி மூடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினேன். என் 64 பிட் மடிகணினியில் எல்லாச் சோதனையும் தேறியது, ஏனென்றால் அங்கே நினைவகம் முழுவதும் ஏற்கனவே முகவரியோடு இருப்பதால் இந்த அழைப்பு வெறும் கணக்குப் போடுவதோடு நின்றுவிடுகிறது, தவறான ஒழுங்கைக் கவனிப்பதுமில்லை. கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலச் செய்துகாட்டும் கியூஇஎம்யூ (QEMU) மென்பொருளில் 32 பிட் மெய்நிகர்க் கணினிக்குப் பல கிகாபைட் நினைவகம் கொடுத்து ஓடவிட்டபோதுதான், ஓர் அடைவின் பெயரை மாற்றிய அந்தக் கணத்திலேயே கர்னல் முறையிட்டு நின்றது.

32 பிட்டில் ஓட்டிப் பார்க்க வசதியில்லை என்றால், கர்னலின் பிழைதிருத்தத் தெரிவுகளில் சாதாரணப் பக்கங்களையும் வலிந்து இந்த வழியில் அனுப்பும் கேமேப் லோக்கல் ஃபோர்ஸ் மேப் இருக்கிறது. அதை இயக்கினால் எக்ஸ்86இன் 64 பிட்டிலும் இந்தத் தவறு வெளிப்படும்.

கேமேப் அட்டாமிக்கை மாற்றுகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: சுற்றியுள்ள குறிமுறை, பக்கப் பிழை நிற்கும் என்பதைச் சொல்லாமலே நம்பியிருக்கலாம். அப்படியானால் அந்தத் தடையை நீங்கள் வெளிப்படையாக எழுதிச் சேர்க்க வேண்டும். வெறுமனே ஒரு பக்கத்திலிருந்து சில பைட்டுகளை நகலெடுக்கும் இடமானால் மெம்காப்பி ஃப்ரம் பேஜ் போன்ற உதவிச் செயற்கூறையே அழைத்துவிடுங்கள். மூடுவதை அது தானே பார்த்துக்கொள்ளும்.