ரேடியோ அயோடினுக்கு முன் கடற்பாசிப் பொடி சாப்பிடலாமா?

பாசிப் பொடியை இன்றே நிறுத்துங்கள். அம்மாவுக்குப் புற்று வந்த தைராய்டை எடுத்தாயிற்று, அடுத்து ரேடியோ அயோடின், அதாவது மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின் என்கிறீர்கள். அப்படியானால் ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் வாங்கிய அந்தப் பொடி இடைஞ்சல்தான்.

மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் அயோடினை உறிஞ்சும் என்பதை நம்பித்தான் 1940களிலிருந்து இந்த வைத்தியமே நடக்கிறது. கடற்பாசியில் அயோடின் அதிகம். அதிலேயே வயிறு நிரம்பிய செல், கதிரியக்க அயோடினைச் சரியாக எடுக்காது.

பாசிச் சாறு புற்றுச் செல்லைக் கொல்கிறது என்று நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல். மனித உடம்பிலும் அப்படியே நடக்கும் என்பதற்கு அது சாட்சியில்லை. பொட்டலம் விற்பவர் இதையெல்லாம் சொல்வாரா என்ன!

பொட்டலத்தை, ரேடியோ அயோடின் கொடுக்கும் அணு மருத்துவப் பிரிவில் காட்டி, கடைசியாகச் சாப்பிட்ட தேதியையும் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் சிறுநீரில் அயோடின் அளவு பார்ப்பார்கள். சிகிச்சைத் தேதி தள்ளிப்போகலாம். சமீபத்தில் டை ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள், அந்த டையிலும் அயோடின் உண்டு.

சிகிச்சைக்கு முன் வழக்கமாக ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு சொல்வார்கள். நம் கடற்கரைப் பக்கம் அதுதான் பாடு: மீன், நண்டு, கருவாடு, அயோடின் உப்பு எதுவும் கூடாது. வீட்டு ஊறுகாயில் என்ன உப்பு போட்டீர்கள் என்றும் பாருங்கள்.

அப்புறம், தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாகத் தரும் தைராக்சின் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது டாக்டர் முடிவு.