ஊர்ப் பொதுப் பட்டாவும் ஆற்றங்கரைக் காடும்

கேள்வி: கொலம்பியாவின் பசிபிக் கரையில் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு நிலப் பட்டா உண்டாமே? அதை அடகு வைக்க முடியுமா?

பதில்: முடியாது. 1993-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டப்படி பட்டா ஊரின் சமூகக் கவுன்சில் பெயரில் இருக்கும். ஊர்ப் பொது நிலத்தை விற்கவோ ஜப்தி செய்யவோ முடியாது. எத்தனை வருடம் அனுபவித்தாலும் வெளியார் அதில் உரிமை கோர முடியாது. குடும்பத்துக்கு ஒதுக்கிய பகுதி கைமாற நேர்ந்தால் முதல் உரிமை அதே ஊராருக்கு. வங்கிக் கடனுக்கு இது இடைஞ்சல்தான். ஆனால் ஒரு வீட்டின் கஷ்டத்தில் ஊர் நிலம் பறிபோகாமல் காப்பதும் இந்த விதிதான்.

கேள்வி: இந்தப் பட்டா வாங்குவது எப்படி? எங்கே தடைபடும்?

பதில்: ஊர்க்கூட்டம் கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து, தீர்மானத்தை மேயர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு தேசிய நில முகமைக்கு மனு. நிலத்தின் விவரம், ஊர் உருவான வரலாறு, மக்கள்தொகை, யார் எங்கே பயிரிடுகிறார்கள், என்ன தகராறு இருக்கிறது, பாரம்பரியத் தொழில்கள் என்னென்ன என்பதெல்லாம் அதில் வேண்டும். அதிகாரிகள் நேரில் பார்த்து, தொழில்நுட்பக் குழு ஆராய்ந்த பிறகே ஆணை வரும். அதையும் பதிவு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும்.

எல்லையில்தான் சிக்கல் எழும். பழங்குடி ஒதுக்கீட்டு நிலம், தேசியப் பூங்கா, பழைய தனியார் பத்திரம் உள்ள நிலம் ஆகியவை பட்டாவில் சேரா. மனுவுக்கு முன்பே அண்டை ஊராரோடு ஓடை ஓடையாக எல்லையை நடந்து பார்த்து, ஒப்புதல் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

கேள்வி: பூங்காவாக அறிவித்தால் காடு பிழைக்காதா? மக்களிடம் கொடுத்தால் அழிந்துவிடாதா?

பதில்: அவர்கள் பயிரிடும் முறையைப் பாருங்கள். பசிபிக் கரையிலுள்ள சோகோ பகுதியில் கொட்டுகிற மழைக்கு வெட்டிய தழை காய்ந்து எரியாது. அதனால் புதருக்குள் மக்காச்சோளத்தைத் தூவி, அதன்மேல் செடிகொடிகளை வெட்டிச் சாய்த்து மக்க விடுகிறார்கள். மூடாக்குக்குக் கீழே மண் கரையாது. அறுவடைக்குப் பின் அந்த இடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். இப்படி மாறி மாறிப் பயிரிட விரிந்த நிலம் வேண்டும். துண்டு துண்டாகப் பட்டா கொடுத்தால் இந்தச் சுழற்சி நின்றுவிடும். பொதுப் பட்டாவுக்கும் காட்டுக்கும் உள்ள உறவு இதுதான். 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய ஐ.நா. பல்லுயிர் மாநாடும் இம்மக்களின் பங்கை ஏற்றுக்கொண்டது.

ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. நிலத்தடிக் கனிமம் அரசுடையது. பட்டாவில் அது வராது. சோகோ வழியே ஓடும் அத்ராத்தோ ஆற்றில் தங்கம் தோண்டும் இயந்திரங்களும் பாதரசமும் மீனையும் கரையையும் கெடுத்தன. அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-இல் அந்த ஆற்றையே, ஒரு மனிதரைப் போல, சட்ட உரிமைகள் உடையதாக அறிவித்தது. ஆற்றின் சார்பில் பேச நியமிக்கப்பட்ட காவலர்களில் கரையோர ஊர்களின் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள்.