மூலிகை மருந்தை மருத்துவப் பணியாளர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? கேள்வி பதில்

மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களுக்கு மூலிகை மருந்துகளை நோயாளிகளிடம் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வந்திருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் மேடம். நான் பொது மருத்துவர். மூலிகை எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை. எனக்கு எதற்கு இந்தப் பயிற்சி?

நீங்கள் எழுதுவதில்லை, சரி. உங்கள் நோயாளிகள் சாப்பிடுகிறார்களே, டாக்டர். "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சூரணமும் கஷாயமும் அவர்கள் கணக்கில் மருந்தே கிடையாது. அதனால்தான் பயிற்சியின் முதல் நாளில் நான் எந்தச் செடியைப் பற்றியும் பேசுவதில்லை, கேள்வி கேட்கத்தான் பழக்குகிறேன். "உடம்புக்கு நல்லது என்று பொடி, கஷாயம், லேகியம், சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆமாம் என்றால், எது, எவ்வளவு, எத்தனை நாளாக, எதற்காக என்று தொடருங்கள். அடுத்த முறை டப்பாவைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பதிலைக் கேட்டு நீங்கள் முகம் சுளித்தால், அதற்கப்புறம் அவர் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்.

ஒரு உதாரணம். ரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்கவில்லை, பொட்டாசியமும் குறைந்துகொண்டே போகிறது. இந்த நோயாளி தினமும் அதிமதுரம் சாப்பிடுபவராக இருக்கலாம். சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியை அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள் தடுத்துவிடும். அப்போது கார்டிசாலே ஆல்டோஸ்டீரோன் என்ற இன்னொரு ஹார்மோன் செய்யும் வேலையைச் செய்யத் தொடங்கும். உப்பு உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். கூடவே சிறுநீர் பெருக்கி மாத்திரையும் டிகாக்சின் என்ற இதய மருந்தும் ஓடிக்கொண்டிருந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இன்னொரு மாத்திரை எழுதும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் மருந்தாளுநர். மூலிகைக்கும் மருந்துக்கும் உள்ள மோதல்களின் பட்டியல் முடிவில்லாமல் போகிறது. எங்கே தொடங்குவது?

செடியிலிருந்து தொடங்காதீர்கள், மருந்திலிருந்து தொடங்குங்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்தாகும் மருந்துகள் சில உண்டு: வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுப்பது), டிகாக்சின், சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் (இரண்டும் மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுப்பவை), ஃபெனிடாயின் (வலிப்புக்கு), லித்தியம் (மனநிலைக் கோளாறுக்கு). இவற்றை வாங்க வருகிறவர் எல்லோரிடமும் மூலிகை பற்றி விசாரிப்பதை வழக்கமாக்குங்கள். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது அதிகம் பேரைக் காப்பாற்றும்.

அப்புறம் ஒரு செடியையாவது ஆழமாகப் படியுங்கள். என் வகுப்பில் அது செயிண்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்கு எடுக்கும் இந்த மூலிகையில் ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள் இருக்கிறது. அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியையும், குடலில் மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதத்தையும் அதிகமாக உருவாக்க வைக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், எச்ஐவி மருந்தான இண்டினாவிரின் அளவு இதனால் ரத்தத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. அதே ஆண்டில், இதயமாற்று செய்துகொண்ட நோயாளிகளுக்கு சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து, உடல் புதிய இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியதும் பதிவானது. கருத்தடை மாத்திரை, வார்ஃபரின் ஆகியவற்றின் பலனும் குறையும். நொதி முழுமையாக ஏற ஓரிரு வாரம் ஆகும், மூலிகையை நிறுத்திய பிறகு இறங்கவும் ஏறக்குறைய அதே காலம் ஆகும். ஆகவே "இன்றே நிறுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பினால் வேறொரு சிக்கல் வரும். வார்ஃபரின் அளவை அதற்கேற்ப ஏற்றியிருந்தால், நொதி இறங்க இறங்க ரத்தக்கசிவு அபாயம் கூடும். நிறுத்திய பின், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். இந்த ஒன்றை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் படிப்பது சுலபம்.

கேள்வி: நான் பாரம்பரிய மருத்துவம் படித்தவன். தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய மருந்துக்கு மறுபடியும் சோதனை எதற்கு? எங்கள் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?

நிச்சயமாக மதிப்பு உண்டு, ஐயா. மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் மருந்தைத் தேடியபோது, செடியைக் கொதிக்க வைத்துப் பிரித்த எக்ஸ்ட்ராக்ட் (சாரம்) நிலையான பலன் தரவில்லை. செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்ன 4ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டுத்தான் சீன விஞ்ஞானி தூ யூயூ குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானால் பிரித்துப் பார்த்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தயாரிப்பு முறையை எழுதி வைத்தவரின் அனுபவம் இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆனால் அனுபவத்தின் கண்ணுக்குத் தப்பும் ஒன்று இருக்கிறது: மெதுவாக வரும் கெடுதல். சாப்பிட்டவுடன் வாந்தி வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பல வருடம் கழித்துச் சிறுநீரகம் கெட்டால் அதை அந்த மருந்தோடு யார் சேர்த்துப் பார்ப்பார்கள்? 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மாத்திரை எடுத்த பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளானார்கள். ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்திருந்த அரிஸ்டோலோகியா இனச் செடி அதில் கலந்துவிட்டிருந்தது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. நமக்குத் தெரிந்த ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம்தான். அந்த இனத்துச் செடிகளை உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை. தாவரவியல் பெயரையும் பயன்படுத்தும் பாகத்தையும் சேர்த்து எழுதும் பழக்கத்தை உங்களைப் போன்றவர்களே முன்னின்று கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. 'பிரம்மி' என்று மட்டும் எழுதினால் ஒருவர் நீர்ப்பிரம்மியைக் கொடுப்பார், இன்னொருவர் வல்லாரையைக் கொடுப்பார்.

கேள்வி: ஆய்வில் பலன் தந்த மூலிகை, நோயாளியிடம் பலன் தருவதில்லை. ஏன்? (மருத்துவ மாணவி)

ஆய்வில் கொடுத்த பொருளும் உங்கள் நோயாளி சாப்பிடும் பொருளும் ஒன்றாக இல்லாததே பெரும்பாலும் காரணம். '300 மில்லிகிராம்' என்று லேபிளில் இருந்தால் அது வெறும் இலைப்பொடியா, எக்ஸ்ட்ராக்டா என்று பாருங்கள். எக்ஸ்ட்ராக்ட் என்றால் 5:1 என்பது போல ஒரு விகிதம் இருக்கும்: ஐந்து பங்கு செடியிலிருந்து ஒரு பங்கு. தண்ணீரில் எடுத்ததா, ஆல்கஹாலில் எடுத்ததா என்பதும் முக்கியம், உள்ளே வரும் வேதிப்பொருள்களே மாறிவிடும். இந்த விவரங்களைத் தராத ஆய்வுக் கட்டுரையை நம்பி நான் யாருக்கும் மருந்து பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: அறுவைச் சிகிச்சைக்கு முன் மூலிகைகளை நிறுத்த வேண்டுமா? நான் வார்டு செவிலியர்.

இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வது பொதுவான வழக்கம். பூண்டு மாத்திரை, கின்கோ (ஒரு மரத்தின் இலைச் சாரம்) போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டலாம். தாமதமாகத் தெரியவந்தால் உடனே மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் மறைத்ததை உங்களிடம் சொல்வார்கள், அதனால் சேர்க்கைப் படிவத்தில் இந்தக் கேள்வியை நீங்களே சேர்க்கச் சொல்லி வற்புறுத்தலாம்.

கேள்வி: கர்ப்பிணிகளுக்கு எது பாதுகாப்பு?

குமட்டலுக்கு இஞ்சி: நாளொன்றுக்கு சுமார் 1 கிராம் உலர்ந்த இஞ்சி என்ற அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மற்றவற்றுக்கு, ஆதாரம் கையில் இல்லாவிட்டால் வேண்டாம் என்பதே என் பதில்.

கேள்வி: மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவருக்கு மஞ்சள்காமாலை. மஞ்சள்தான் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். சாதாரண மஞ்சளைப் பற்றி அல்ல, மிளகின் பைப்பரின் சேர்த்து உடம்பில் அதிகம் ஏறும்படி செய்த குர்குமின் மாத்திரைகளைப் பற்றிச் சொல்கிறேன். அவற்றால் கல்லீரல் பாதிப்பு வந்தது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். வைரஸ் கல்லீரல் அழற்சி, மது, பித்தப்பைக் கல், மற்ற மருந்துகள் என எல்லாவற்றையும் பரிசோதித்து விலக்குங்கள். நிறுத்திய பின் ரத்தத்தில் கல்லீரல் நொதி அளவுகள் இறங்குகின்றனவா என்று வாரம்தோறும் பாருங்கள். சோதித்துப் பார்க்கலாம் என்று மறுபடி கொடுத்துவிடாதீர்கள். மீதி மாத்திரைகளைத் தூக்கி எறியாமல் தொகுதி எண்ணோடு பத்திரப்படுத்தி, மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையத்துக்கு எழுதுங்கள். நிரூபணம் தேவையில்லை, சந்தேகம் இருந்தாலே எழுதலாம்.

கேள்வி: இரண்டு நாள் பயிற்சி போதுமா? தேர்வு எப்படி வைக்கிறீர்கள்?

சரியாக விசாரிக்கவும் ஆபத்தைக் கண்டுபிடிக்கவும் இரண்டு நாள் போதும். தானே மூலிகை எழுதிக் கொடுக்க விரும்புகிறவருக்குப் போதவே போதாது. அவர் தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்து, அவர்கள் திரும்பி வரும்போதும் கூடவே இருந்து கற்க வேண்டும். தேர்வில் நான் எழுத்துத்தாள் கொடுப்பதில்லை. நோயாளியாக நடிக்கும் ஒருவரையும், அவர் கையில் ஐந்தாறு டப்பாக்கள் உள்ள பையையும் அனுப்புவேன். ஒரு டப்பாவை அவர் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். அதைக் கேட்டு வாங்குகிறவர் தேர்ச்சி.